வெட்டவும் வேண்டாம், பூட்டி வைக்கவும் வேண்டாம்: ஒரு பழைய சைக்கிளின் பொருட்டுச் சில சொற்கள்

சென்ற வெள்ளிக்கிழமை காரியவட்டம் வளாகத்தில் மரபுப் பாதுகாப்பு குறித்த கருத்தரங்கு ஒன்று நிறைவுற்றுத் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். வாசலில் நிறுத்தியிருந்த என் சைக்கிளை நெடுநேரம் உற்றுநோக்கிய மூத்த ஆய்வாளர் ஒருவர், "தம்பி, அப்பா வண்டியைக் கொன்னுட்டீங்களே" என்றார். சூழ நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவர் என்மீது அன்புள்ளவர். அவருடைய நூலறிவுக்கு முன் நான் சிறியவன். ஆயினும் அச்சொல் பிழையான சொல். ஏன் பிழை என்பதை இங்கே எழுதுகிறேன். பதிவு நீளமானது, பொறுமை உள்ளோர் படிக்க.

முதலில் வழக்கின் பொருளைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் குமரி மாவட்டத்தில் தபால்காரர். 1970-களின் பிற்பகுதியில் வாங்கிய கறுப்பு ஹெர்குலிஸ் சைக்கிளில்தான் முப்பது ஆண்டுக்காலம் கடிதம் சுமந்தார். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய, சென்னை அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ் தயாரித்த வண்டி அது. எஃகுச் சட்டகம், 28 அங்குலச் சக்கரம், கம்பி பிரேக், ஒரே கியர். அவர் மறைந்தபின் ஆறு ஆண்டுகள் அது மாட்டுக்கொட்டிலில் கிடந்தது. ஆய்வுக்காகக் கழக்கூட்டத்தில் அறை எடுத்தபோது அதை இங்கே கொண்டுவந்தேன்.

கழக்கூட்டத்தை அறிந்தவர்களுக்கு இந்நிலத்தின் குணம் தெரியும். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வந்தால் செம்பாறைக் குன்றுகள் தொடங்கிவிடுகின்றன. காரியவட்டத்துக்கும் ஸ்ரீகாரியத்துக்கும் செல்லும் சாலை ஏறுவதும் இறங்குவதுமாகவே செல்கிறது. டெக்னோபார்க்கின் ஊர்திகள் காலையும் மாலையும் அதை நிறைக்கின்றன. என் தந்தையின் வண்டியிலோ முன்பல்சக்கரத்துக்கு 44 பல், பின்பல்சக்கரத்துக்கு 18. மிதியை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். சமவெளியில் அது நல்ல கணக்கு. ஏற்றத்தில் முழங்காலுக்குத் தண்டனை.

முதல் மாதத்திலேயே, எழுந்து நின்று மிதித்தபோது கிராங்கைப் பிடித்திருந்த காட்டர் பின் நசுங்கிற்று. பிறகு ஒவ்வொரு சுற்றிலும் மிதி 'டக்'கென்று ஆடியது. புதுப்பின் போட்டேன், அதுவும் நசுங்கிற்று. மழைக்காலத்தில் நனைந்த குரோமிய ரிம்மில் பிரேக் கட்டை வழுக்கியது. ஒரு மாலை சிவப்பு விளக்கைத் தாண்டித்தான் வண்டி நின்றது. எதிரே வந்த பேருந்தின் ஓட்டுநர் விழிப்பாக இருந்தமையால் இன்று இதை எழுதுகிறேன்.

ஆக, என்முன் மூன்று வழிகள் இருந்தன. வண்டியைத் துடைத்து அறையில் அழகுக்கு நிறுத்தலாம். ஆக்கிரிக் கடையில் எடைக்குப் போடலாம். அல்லது இந்நிலத்தில் ஓடத்தக்கதாக மாற்றலாம். நான் மூன்றாவதைச் செய்தேன். கொலை என்று சொல்லப்பட்டது இதுவே.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன்.

"அசல் பாகங்களோடு இருந்தால்தானே பழமைக்கு மதிப்பு?"

எது அசல்? தந்தையார் செலவுக் குறிப்பேடு எழுதுபவர். அதில் செயின் ஏழு முறையும் ஃப்ரீவீல் நான்கு முறையும் கிராங்க் ஒருமுறையும் மாற்றிய கணக்கு இருக்கிறது. டயர்களையும் பேரிங் குண்டுகளையும் எண்ணவே முடியவில்லை. மாற்றாமல் எஞ்சியவை சட்டகம், முன்ஃபோர்க், கைப்பிடி, மட்கார்டு ஆகியவை மட்டுமே. அவை இன்றும் அப்படியே இருக்கின்றன. தீசியஸின் கப்பலை வைத்துக் கிரேக்கர்கள் எழுப்பிய கேள்வியை நாம் முதுகலை வகுப்பில் படிக்கிறோம். பலகை பலகையாக மாறிய கப்பல் அதே கப்பல்தானா என்று தபால்காரர் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. மறுநாள் கடிதம் போயாக வேண்டும், ஆகவே மாற்றினார்.

இன்னொன்று. ஒரே கியரைத் தூய்மையின் அடையாளமாகப் போற்றுகிறவர்கள் இவ்வண்டியின் குலவரலாற்றை மறந்துவிடுகிறார்கள். சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்புக்குள் மூன்று கியர்களை அடக்கும் கருவியை ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 1902-ஆம் ஆண்டளவிலேயே விற்கத் தொடங்கிவிட்டது. அதன் புகழ்பெற்ற ஏ.டபிள்யூ. வகை ஹப் 1936-இல் வந்தது. இதே வடிவக் கறுப்பு வண்டிகள் அந்நாட்டில் மூன்று கியரோடு ஏராளமாக விற்றன. நம் ஊருக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஒற்றைக் கியர் வண்டிகள். நாம் வணங்கும் 'அசல்' ஒரு விலைப்பட்டியலின் கீழ்வரிசை என்பதே உண்மை. நான் பொருத்திய மூன்று கியர் ஹப் அவ்வண்டிக்கு அந்நியமன்று. நூறு ஆண்டுக்கு மேலான உறவுமுறை உடையது.

தூய்மைவாதம் பேசுவோருக்கு ஒரு பழைய துணையும் உண்டு. டூர் டி ஃபிரான்ஸ் பந்தயத்தை 1903-இல் தொடங்கிய ஆன்றி தெக்ராஞ்சு, கியர் மாற்றுவது நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கே உரியது என்று ஏளனம் செய்தவர். அப்பந்தயத்தில் சங்கிலியைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் தாவச்செய்யும் டிரெயிலியர் கருவிக்கு 1937 வரை இடமில்லை. அவருடைய தூய்மைக்கு விலை கொடுத்தவை மலைப்பாதையில் மிதித்தவர்களின் முழங்கால்கள். தூய்மையை வலியுறுத்துகிறவர் பெரும்பாலும் மிதிக்கிறவராக இருப்பதில்லை என்பதை அன்றிலிருந்து இன்றுவரை காண்கிறோம்.

"புதிய பாகம் வேண்டுமென்றால் புதிய வண்டியே வாங்கலாமே?"

வாங்கலாம். ஆனால் பழைய எஃகுச் சட்டகத்துக்கு உள்ள ஓர் ஆற்றல் இன்றைய கடைகளில் வரிசையாக நிற்கும் அலுமினியச் சட்டகங்களுக்கு இல்லை. எஃகைச் சூடேற்றாமலேயே சிறிதளவு வளைத்து, வளைத்த நிலையில் நிற்கச் செய்ய முடியும். அலுமினியத்தை அப்படிச் செய்தால் விரிசல் காணும். கார்பன் இழை உடைந்தே போகும்.

என் வண்டியின் பின்முனைகளுக்கு இடையே 112 மி.மீ. அகலம் இருந்தது. நான் தேடிப் பெற்ற ஹப்புக்கு ஏறத்தாழ 120 மி.மீ. வேண்டும். எனவே ஒவ்வொரு பக்கமும் நான்கு மி.மீ. விரிக்க வேண்டும். இதைச் செய்துகொடுத்தவர் கழக்கூட்டத்தில் சிறு கடை வைத்திருக்கும் மெக்கானிக் சேட்டன் ஒருவர். "வெட்டண்டா, அண்ணாச்சி. இரும்பு பறஞ்ஞால் கேள்க்கும்" என்றார். வெட்ட வேண்டாம், இரும்பு சொன்னால் கேட்கும் என்பது பொருள். நீண்ட மரையாணி ஒன்றை இரு முனைகளுக்கு இடையே வைத்து நட்டுகளைச் சிறிது சிறிதாகத் திருகினார். பிறகு ஒரு நூலைத் தலைக்குழலில் சுற்றி இரு பின்முனைகளுக்கும் இழுத்துக் கட்டி, இருக்கைக்குழலிலிருந்து நூல்வரை இருபுறமும் அளந்தார். ஒருபுறம் ஒன்றரை மி.மீ. கூடியிருந்தது. அப்புறத்தை மட்டும் மெல்லத் திருத்தி, மீண்டும் அளந்தார். கடைசியாக, முனைத் தகடுகள் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்குமாறு நிமிர்த்தினார். தகடுகள் சாய்ந்திருந்தால் அச்சு வளைந்து ஒருநாள் முறியும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அச்சிடையளவு மாறலாம், பல்லின் எண்ணிக்கை மாறலாம். ஒன்று மட்டும் மாறவில்லை. பழைய ஒற்றைக் கியர் வண்டியின் செயினிலும் இன்றைய பன்னிரண்டு கியர் வண்டியின் செயினிலும் ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் உள்ள தொலைவு அரை அங்குலமே. அகலம்தான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. என் தந்தையின் முன்பல்சக்கரத்தில் 2020-களின் செயின் சிக்கலின்றி ஓடுவது இதனால்தான். மரபின் தொடர்ச்சி பற்றிக் கட்டுரை எழுதும் நாம் இத்தகைய தொடர்ச்சியைக் கண்ணால் கண்டும் 'கலப்படம்' என்கிறோம்.

வெட்டுகிறவர்கள்

தூய்மைவாதிகளைச் சாடியதால் மறுதரப்புக்கு நான் நண்பன் என்று யாரும் எண்ண வேண்டாம். நகரத்தில் ஒரு பெரிய சைக்கிள் கடைக்கு முதலில் வண்டியைக் கொண்டுபோனேன். அங்கிருந்தவர் ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு வழங்கினார்: பின்முனைகளைக் கிரைண்டரால் அறுத்துவிட்டுப் புதுத்தகடு பற்றவைத்து டிரெயிலியர் மாட்டுவது, கம்பி பிரேக்கின் தாங்கிகளை அறுத்தெறிவது, மணல் பீய்ச்சிப் பழைய வண்ணத்தை உரித்துப் புதுவண்ணம் அடிப்பது. கருங்கற் சிற்பங்களின்மேல் மணல் பீய்ச்சிக் கோயிலைப் 'புதுப்பித்த' கதை நமக்குப் புதிதன்று. செதுக்கியவனின் உளித்தடம் போனபின் எஞ்சுவது வழவழப்பான கல்.

அத்தீர்ப்பு பொறியியல் நோக்கிலும் தவறு. என் வண்டியின் பின்முனைகள் பின்னோக்கித் திறந்தவை. அத்தகைய முனை டிரெயிலியருக்கு ஏற்றதன்று. ஹப்புக்குள் அடங்கிய கியருக்கோ மிக ஏற்றது. சட்டகத்தைப் பாகத்துக்கு ஏற்ப வெட்டுவதா, சட்டகத்துக்கு ஏற்ற பாகத்தைத் தேடுவதா என்பதே கேள்வி. முதலாவது சோம்பல். இரண்டாவதற்கு அளவுகோலும் பொறுமையும் வேண்டும்.

மிதிகளின் அச்சு அமரும் கூடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காட்டர் பின்னை ஒழித்துச் சதுரமுனை அச்சு போடவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அக்கூட்டின் மரை எல்லா வண்டியிலும் ஒன்றன்று. பொதுவான ஆங்கிலேய அளவில் அங்குலத்துக்கு 24 மரை. நாட்டிங்காமின் ராலே ஆலை தனக்கென்று 26 மரை வைத்திருந்தது. விட்டம் ஒன்றுபோலவே இருப்பதால் 24 மரைக் கப்பை 26 மரைக் கூட்டில் பலவந்தமாகத் திருக முடியும். திருகினால் கூட்டின் மரை அழியும், சட்டகம் பாழாகும். என் வண்டியில் புதுக்கப்பு இரண்டு சுற்றுக்கு மேல் ஏற மறுத்தது. சேட்டன் அங்கேயே நிறுத்திவிட்டார். பழைய கப்புகளையே வைத்துக்கொண்டு, அளவொத்த சதுரமுனை அச்சைப் புதுக்குண்டுகளோடு அவற்றுக்குள் இறக்கினார். எட்டு மாதமாகிறது, ஆட்டம் இல்லை.

பின்சக்கரத்தில் மூன்று கியரும் டிரம் பிரேக்கும் ஒருங்கே அமைந்த ஹப், அலுமினிய ரிம். மழையில் ரிம் நனைந்தாலும் டிரம்முக்குள் தண்ணீர் எளிதில் புகாது. பின்பல்சக்கரத்துக்கு 18-க்கு மாற்றாக 22 பல். அதனால் நடுக்கியரில் ஒரு மிதிச்சுற்றுக்கு ஏறத்தாழ 4.3 மீட்டர், ஏற்றத்துக்குரிய தாழ்கியரில் 3.2 மீட்டர், இறக்கத்தில் 5.7 மீட்டர். உயர்கியர் தந்தையார் மிதித்த பழைய கணக்கைச் சற்றே மிஞ்சுகிறது. அவர் கியரை நான் இழக்கவில்லை. அதன் கீழே இரண்டு படிகள் சேர்த்திருக்கிறேன். பழைய ஏ.டபிள்யூ. ஹப்பில் இரண்டாம், மூன்றாம் கியர்களுக்கு இடையே பிடிப்பற்ற இடம் ஒன்று இருந்தது. நின்று மிதிக்கும்போது அங்கே நழுவினால் ஆள் விழுவான். புதியவற்றில் அக்குறை நீக்கப்பட்டிருக்கிறது. பழையதே எப்போதும் மேல் என்போர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

சட்டகத்தில் ஒரு துளைகூடப் புதிதாக இடவில்லை. பழைய பின்சக்கரம் முழுமையாக, பிரேக் கம்பிகள் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி, என் அறைச் சுவரில் தொங்குகின்றன. முனைகளை மீண்டும் நான்கு மி.மீ. ஒடுக்கினால் அரைநாளில் தந்தையாரின் வண்டி அப்படியே திரும்ப வரும். எஃகை அடிக்கடி இப்படி வளைக்கக் கூடாது; ஒருமுறை விரிப்பதும் ஒருமுறை ஒடுக்குவதும் அது தாங்கும்.

கருத்தரங்கில் மேற்கோள் காட்டியவர்களுக்கு

அன்றைய அரங்கில் இரண்டு ஆவணங்களின் பெயர் அடிக்கடி ஒலித்தது. ஒன்று 1964-இன் வெனிஸ் சாசனம். மற்றொன்று 1994-இன் நாரா ஆவணம். முன்னது, புதிதாகச் சேர்த்த பகுதி முழுமையோடு இயைய வேண்டும், அதேவேளை புதிதென்று இனங்காணவும் முடியவேண்டும் என்கிறது. என் ஹப் வெள்ளியாக மின்னுகிறது. அதற்குக் கறுப்புப் பூசிப் பழமை வேடம் கட்டவில்லை. பின்னது, ஒன்றின் மெய்ம்மையை அறியத்தக்க கூறுகளாக வடிவத்தையும் பொருளையும் மட்டுமன்றிப் பயன்பாட்டையும் செயலையும் வரிசைப்படுத்துகிறது. ஓடாத சைக்கிள் இவ்வளவுகோலின்படி எதை இழந்தது என்பதை மேற்கோள் காட்டியவர்களே சொல்லட்டும்.

நம் வளாகத்திலேயே கீழ்த்திசை ஆய்வு நிறுவனமும் சுவடிகள் நூலகமும் இருக்கின்றன. சுவடியோடு பழகிய யாருக்கும் இந்த அறம் தெரியும். பதிப்பாசிரியர் ஓலையின்மேல் திருத்தம் எழுதுவதில்லை. தாம் கொண்ட பாடத்தை நூலில் அச்சிடுகிறார். பிற பாடங்களை அடிக்குறிப்பில் காக்கிறார். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றியபோது ஓலைக்குத் துரோகம் செய்தார் என்று நம்மில் யாரும் சொல்வதில்லை. ஓலையை வெட்டி ஒட்டுகிறவன் குற்றவாளி; ஓலையைப் பெட்டியில் பூட்டிக் கரையானுக்குக் கொடுக்கிறவனும் குற்றவாளி. இவ்விருவருக்கும் நடுவே உள்ள வேலைதான் பதிப்பு. சுவரில் தொங்கும் அப்பழைய சக்கரத்தை என் அடிக்குறிப்பு என்று கொள்ளுங்கள்.

இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் தும்பா. 1963 நவம்பர் 21 அன்று நம் நாட்டு மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் எழுந்த இடம். ராக்கெட்டின் மூக்குப் பகுதியைச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுபோகும் காட்சியை ஆன்றி கார்த்தியே பிரெசோன் 1966-இல் அங்கே படமெடுத்தார். அப்படத்தை நம்மில் பலர் ஏக்கப் பெருமூச்சோடு பகிர்கிறோம். அதில் உள்ள சைக்கிளை அன்று யாரும் மரபுச் சின்னமாகக் கருதவில்லை. கையிலிருந்த வண்டியில் அன்றைய புதுமையை ஏற்றினார்கள், அவ்வளவே. அப்படம் உண்மையில் என் தரப்புச் சான்று.

புதுக்கோட்டையையும் நினைவூட்டுகிறேன். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். மகளிர் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பி. சாய்நாத் அதைப் பதிவு செய்திருக்கிறார். செய்தவன் யாரை எண்ணிச் செய்தான் என்பதை அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வண்டி தங்களுக்கு எது செய்யும் என்று கேட்டார்கள்.

ஏற்கத்தக்க ஒரு கண்டனம்

"இது காசுள்ளவன் விளையாட்டு" என்று நண்பர் ஒருவர் சொன்னார். இதை மறுக்க மாட்டேன். அந்த ஹப்புக்கு என் ஒரு மாத உதவித்தொகையில் பாதிக்கு மேல் போயிற்று. வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கழக்கூட்டத்தின் கட்டடங்களை எழுப்பும் தொழிலாளத் தோழர்கள் இதே கறுப்பு வண்டிகளில்தான் இதே ஏற்றத்தை ஏறுகிறார்கள். பலர் இறங்கித் தள்ளுகிறார்கள். அவர்களுக்கு என் ஹப் பயன்படாது.

ஆனால் அதன் பாதிப் பயன் மலிவாகவே கிடைக்கும். 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றி 22 பல் ஃப்ரீவீல் போட்டு, செயினில் ஒரு அங்குல நீளம் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஐந்தரை மீட்டர் என்பது நாலரை மீட்டராகும். செலவு சில நூறு ரூபாய். கூடவே செயினையும் அளந்துபாருங்கள். புதுச்செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டுவிட்டால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு நீளும்வரை விட்டால் பல்சக்கரங்களையும் அது தின்றிருக்கும். இதற்கு ஓர் அளவுகோல் போதும். இதைச் சேட்டன் தம் கடைக்கு வரும் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கணக்காகச் செய்துவருகிறார். அவருக்குப் பின் அக்கடையில் உட்கார ஆள் இல்லை. நூல் கட்டிச் சட்டகம் அளக்கும் அக்கைப்பழக்கம் எந்தச் சுவடியிலும் எழுதப்படவில்லை. கருத்தரங்குகளில் நாம் காக்கப் புறப்படும் மரபில் அதற்கும் ஓர் இருக்கை வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள் இது. விடுதிகளின் பின்புறத்திலும் வீட்டுக் கொட்டில்களிலும் துருப்பிடித்துக் கிடக்கும் எஃகு வண்டிகளை வெளியே எடுங்கள். வெட்டச் சொல்கிறவரிடம் கொடுக்காதீர்கள். தொடாதே என்கிறவருக்கும் செவிசாய்க்காதீர்கள். அளந்து, ஏற்ற பாகத்தைத் தேடி, திரும்பப் பெறத்தக்க வகையில் மாற்றுங்கள். கழற்றியதைப் பெயர் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். கழக்கூட்டத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள். சேட்டன் கடைக்கு நானே அழைத்துப்போகிறேன்.

அந்த மூத்த ஆய்வாளருக்கு: ஐயா, நாளைக் காலை காரியவட்டம் ஏற்றத்தில் ஒருமுறை நீங்களே என் வண்டியை மிதித்துப் பாருங்கள். தாழ்கியரில் ஏறுங்கள். மேலே சென்று சேர்ந்தபின், அப்பா வண்டி செத்துவிட்டதா என்று சொல்லுங்கள். உங்கள் தீர்ப்பை மறுப்பின்றி இங்கேயே பதிவிடுகிறேன்.